மாமனார் வகுத்த வியூகம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் முளைத்ததல்ல. முடி வெட்டிக்கொள்ளப் போன கடையில், என் முறைக்காகப் பெஞ்சில் காத்திருந்தபோது ஓசியில் கிடைத்தது.

தொடக்கத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். 'நாளை இறுதியாட்டம், ஊரே உறக்கமின்றி...' பொய். ஊர் குறட்டை விட்டுத் தூங்கியது. 'கத்தியின் விளிம்பில் ஒரு குடும்பம்...' சீச்சீ. நேராகக் கடைக்குள் போவோம்.

2

முடிதிருத்துபவர் கண்ணாடிக்கு முன்னிருந்த பலகையில் நாளைய கால்பந்து இறுதியாட்டத்தை இன்றே நடத்திக்கொண்டிருந்தார். பவுடர் டப்பா நம் கோல்கீப்பர். நான்கு சீப்புகள் தடுப்பு வரிசை. வாசனைத் தண்ணீர் பாட்டில், எதிரணியின் வலப்பக்கத்து வேகக்காரன். இடது ஓரத்துச் சீப்பு குஷியில் முன்னால் ஓடும், திரும்பி வர மறக்கும், அந்த இடைவெளியில் பாட்டில் நுழையும். எத்தனை தடவை நடத்தினாலும் கோல்தான்.

அந்தச் சீப்பு அவருடைய சொந்த மருமகன்.

[இங்கே மருமகனைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். சுருக்கம்: தங்கமான பையன். தங்கத்தை வைத்து மதில் கட்ட முடியுமா என்பது மாமனார் கட்சி. மகள் காதுக்கு இது எட்டினால் அப்புறம் அப்பா என்று கூப்பிட மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அதற்காகக் கோப்பையை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.]

3

நம் அணியின் பயிற்சியாளர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். அவருக்கு யோசனை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. சொல்லும்போது அவர் வாயைத் திறக்க முடியாமல் வைத்திருக்கிறவர் நம் முடிதிருத்துபவர் ஒருவர்தான். கத்தி தொண்டைக்குழிக்கு வந்ததும் மெதுவாகப் பேச்செடுத்தார்.

"அந்தப் பையனை நாளைக்கு வெளியில உக்கார வெச்சிருங்க. அவனுக்குப் பதிலா அந்த நெட்டையனை எறக்குங்க. சரிதானே?"

பயிற்சியாளர் அசையவில்லை. சரி, சம்மதம் என்று இவர் எடுத்துக்கொண்டார். கழுத்தில் கத்தி இருக்கும்போது எவன் தலையை ஆட்டுவான்? காலமெல்லாம் கத்தி பிடித்த மனுஷனுக்கு அது தோன்றவில்லை பாருங்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு பயிற்சியாளர் காசை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

4

கொஞ்ச நேரத்தில் மருமகனே வந்தான். வீட்டு மாப்பிள்ளை அல்லவா, என் முறையைத் தாண்டி நாற்காலியில் உட்கார்ந்தான். மாமனார் பாசத்தோடு நுரை பூசினார். பாசம் கொஞ்சம் வழிந்துவிட்டது.

"விடு மாப்ளே. ஒரு ஆட்டம்தானே. அடுத்த வருஷம் ஆடலாம்."

"எதை விடணும் மாமா? நாளைக்கு நான்தானே ஆடுறேன்?"

கத்தி இருந்தது அவன் கழுத்தில், வேர்த்தது மாமனாருக்கு. பையன் கண்ணாடி வழியாகப் பெஞ்சைப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க அப்போலேர்ந்து இங்கதானே இருக்கீங்க. பயிற்சியாளர் வந்தாரா? மாமா அவர்கிட்ட என்ன சொன்னாரு?"

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். இன்றிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சில்லை. தவிர, அடுத்து அந்தக் கத்திக்குக் கீழே உட்காரப்போவது நான்.

முடிவு இரண்டு: ஒன்றும் பேசவில்லை என்கிறேன். பையன் நாளை குஷியாக முன்னால் ஓடுவான், அந்தப் பாட்டில்...

முடிவு மூன்று: திடீரென்று மின்சாரம் போய்... வேண்டாம், கேவலம்.

எனக்குத் தைரியமில்லை ஐயா. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். பெஞ்சில் இடம் இருக்கிறது, என் முறையையும் உங்களுக்கே கொடுத்துவிட்டேன். உட்காருங்கள். பையன் கண்ணாடியில் உங்களைத்தான் பார்க்கிறான்.