நாலாவது பிளாஸ்திரி

மலைப்பாதையில் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். எனக்குப் பின்னால் உட்கார்ந்து வாந்தி எடுத்தவர்களை எல்லாம் ஓரிடத்தில் கூட்டினால் ஒரு சின்ன ஊரே தேறும். நான் ஒரு நாளும் எடுத்ததில்லை. அப்படிப்பட்டவனிடம் வந்து, கப்பலில் தலைசுற்றாமல் இருப்பது எப்படி என்று ஒருத்தர் வகுப்பெடுத்தால் பற்றிக்கொண்டு வருமா வராதா?

வகுப்பெடுத்தவர் என் மாப்பிள்ளை. மருந்துக்கடை வைத்திருக்கிறார். சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்பதைத் தவிர அந்த வாயில் வேறு பேச்சு வராது. என் ஒரே மகளை, நான் குட்டி என்று கூப்பிடுகிறவளை, அவருக்குக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. மாப்பிள்ளையை வாய்விட்டுத் திட்ட முடியாது. 'வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க' என்ற மூன்று வார்த்தைக்குள் என் மொத்த எரிச்சலையும் அடக்கப் பழகியிருந்தேன். அவரும் லேசுப்பட்டவரில்லை. அவர் சொல்லும் 'மாமா'வில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும்.

ஆறு நாள் கப்பல் பயணம் குட்டியின் ஆசை. அப்பாவும் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அறையை எடுத்தவர் மாப்பிள்ளை. கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில். அங்கேதான் ஆட்டம் குறைவாம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும். அவர்களுக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை, நடுவில் ஒரு கதவு.

பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, ஆரம்பித்துவிட்டார். "மாமா, வெறும் வயித்தோட இருக்காதீங்க. எண்ணெய் பலகாரம் வேண்டாம். போனைக் குனிஞ்சு பாக்காதீங்க. ஒரு மாதிரி இருந்தா மேல போயி, தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டையே பாருங்க. இஞ்சி மிட்டாய் இங்க வெச்சிருக்கேன். இது காதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிற மருந்துப் பிளாஸ்திரி. ஒண்ணு மூணு நாளைக்கு வரும். முன்கூட்டியே ஒட்டிக்கணும். வாந்தி ஆரம்பிச்சப்புறம் எதைக் குடுத்தாலும் லேசுல கேக்காது."

"எனக்கா?" என்று சிரித்தேன். "நீங்க ஒட்டிக்குங்க மாப்பிள்ளை. ரெண்டு காதுக்கும் ஒட்டிக்குங்க."

குட்டி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவர் முகம் சுண்டிப் போயிற்று. பெட்டியில் ஆறு பிளாஸ்திரி இருந்தன. ஆளுக்கு ஒன்று அவர்கள் இருவரும் காலையிலேயே ஒட்டியிருந்தார்கள். மிச்சம் நாலையும் தங்கள் அறை மேஜை இழுப்பறையில் வைத்தார்.

பகல் பன்னிரண்டுக்குக் கப்பல் கிளம்பியது. இரண்டு மணிக்கு என் வாயில் தண்ணீர் ஊறியது. கழுத்து வியர்த்தது. வளைவு வருவது ஓட்டுகிறவனுக்கு முன்னாடியே தெரியும். அவன் உடம்பு அதற்குத் தயாராகிவிடும். பின்னால் இருப்பவனுக்குத்தான் ஒன்றும் தெரியாது. முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

குட்டியும் மாப்பிள்ளையும் மேல்தளத்தில் இருந்தார்கள். நடுக்கதவு திறந்துதான் கிடந்தது. போனேன், இழுப்பறையைத் திறந்தேன், ஒன்றை எடுத்து வலது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, கம்பளிக் குல்லாவை இழுத்து மூடினேன். அன்று சாயங்காலம் வரை உலர்ந்த ரொட்டியைக் கடித்தபடி, குளிர்காற்று ஆகவில்லை என்று சொல்லிக் கட்டிலில் கிடந்தேன். மறுநாள் கல்லு மாதிரி எழுந்துவிட்டேன். மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து இரண்டு தட்டு பொரித்த மீன் சாப்பிட்டேன். அவர் பச்சை ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

மூன்றாம் நாள் காலை குட்டி வந்து, "அப்பா, மேல போயி போட்டோ எடுக்கலாம். அந்தக் குல்லாவைக் கழட்டிட்டு வாங்க, பாக்கச் சகிக்கல" என்றாள். குளியலறைக்குள் போய்ப் பிளாஸ்திரியை உரித்தேன். அது விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சுருட்டிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கையைக் கழுவவில்லை. கண்ணில் தூசி உறுத்தியது, அதே விரலால் வலது கண்ணைக் கசக்கினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பதினோரு மணிக்கு அந்தக் கண்ணில் எழுத்தெல்லாம் கலங்கியது. வெயில் கூசியது. குட்டி போனை நீட்டிப் போட்டோவைக் காட்ட வந்தவள், என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அப்பா... உங்க கண்ணு."

வலது கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து, கறுப்பு முழுக்க நிறைந்திருந்ததாம்.

அவள் முகம் வெளுத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவள் அம்மாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தபோது, "சின்ன மயக்கம்தான், பரீட்சையை முடிச்சிட்டு வா" என்று போனில் சொன்னவன் நான். அவள் வந்து பார்க்கும்போது அம்மாவுக்கு ஒரு கண் அப்படித்தான் விரிந்து கிடந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, "இனிமே எதையும் எங்கிட்ட மறைக்காதீங்கப்பா" என்று கேட்டாள். சரி என்றேன். ஆறு வருஷம் காப்பாற்றினேன். என் மகள் என் வாய்வார்த்தையை அப்படியே நம்புவாள் என்பதுதான் என்னிடம் மிச்சமிருந்த ஒரே பெருமை.

கப்பல் டாக்டரம்மா கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். காதுகளைத் திருப்பிப் பார்த்தார். "பிளாஸ்திரி ஏதாவது ஒட்டுனீங்களா? கண்ணுக்குச் சொட்டு மருந்து?"

குட்டி என் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை நின்றிருந்தார்.

"இல்ல" என்றேன்.

"அப்படின்னா தலைக்குள்ள ரத்தக்கசிவு இருக்கலாம். இங்க ஸ்கேன் கிடையாது. நாலு மணிக்குத் துறைமுகத்துலேருந்து படகு வரும். இறங்கிடுங்க. கூட ஒருத்தர் வரணும்."

"நான் போறேன்" என்றாள் குட்டி. அறைக்கு வந்து பெட்டியில் துணியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அவள் டாக்டரம்மாவிடம் ஆஸ்பத்திரிக்கான சீட்டு வாங்கப் போன நேரம், மாப்பிள்ளை நடுக்கதவு வழியாக வந்தார்.

"நாலு இருந்துச்சு மாமா. மூணு இருக்கு."

"அதுக்கு?"

"மருந்து பட்ட விரலோட கண்ணைத் தொட்டிருக்கீங்க, அதான் பாப்பா விரிஞ்சிருக்கு. அது ரெண்டு நாள்ல தானா சரியாயிடும். கடையில நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"தெரிஞ்சா அங்கயே சொல்றதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா, எங்கப்பாவைத் திருடன்னு சொல்றீங்களான்னு கேப்பா. மூணு வருஷமா அப்படித்தான் கேக்கறா. நீங்க சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க."

"பொண்டாட்டி அழுதுட்டிருக்கா. உங்களுக்கு என் வாய்தான் முக்கியமா?"

"உங்களுக்கு எது முக்கியம் மாமா?"

குட்டி திரும்பி வரும் சத்தம் கேட்டதும் அவர் என் தலையணையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தார்.

நாலு மணிக்குக் கப்பலின் பக்கவாட்டில், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே இருந்த இரும்புக் கதவைத் திறந்தார்கள். கீழே படகு ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி எழும்பி விழுந்தது. இறங்குவதற்கு ஒரு கயிற்றேணி. குட்டிக்கு மிதவைச் சட்டை மாட்டினார்கள். அவளுக்கு நீச்சல் தெரியாது. "நான் முதல்ல இறங்கி அப்பாவைப் பிடிச்சுக்கறேன்" என்று மாலுமியிடம் சொல்லிவிட்டு, அழுதுகொண்டே ஏணியில் ஒரு காலை வைத்தாள். அலை வந்து அவள் காலை நனைத்தது.

"குட்டி, இறங்காதே! நான் பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன். உங்க இழுப்பறையிலேருந்து எடுத்தேன். எனக்கு ஒண்ணும் இல்ல. இறங்காதே!"

மாலுமி அவளை இழுத்து உள்ளே விட்டார். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். குட்டி திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டர் கேட்டப்ப நான் உங்க கையைப் பிடிச்சிட்டிருந்தேன்."

"ஆமா."

"அம்மா ஞாபகம் வந்துதா?"

"வந்துது."

"வந்தும் இல்லன்னு சொன்னீங்க." அவள் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"மதியமே தெரியும்" என்றார்.

அவள் மிதவைச் சட்டையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு மேலே போனாள். என் சாமான்களைத் தூக்கி அவர்கள் அறையில் வைத்துவிட்டு, என் அறைக்குள் போய் நடுக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மிச்ச நாளெல்லாம் நானும் மாப்பிள்ளையும் ஒரே கட்டிலில், முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்தோம். மறுநாள் மருந்தின் வேகம் இறங்கியதும் குடல் வெளியே வருகிற அளவுக்கு வாந்தி எடுத்தேன். கிண்ணம் பிடித்தவர் அவர்தான். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தவரும் அவர்தான். அதற்காக அவரைப் பிடித்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இப்போது நான் என் வீட்டில், அவள் அவள் வீட்டில். அவரை அவள் மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது. சனிக்கிழமைதோறும் மாப்பிள்ளை ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வருகிறார். 'வாங்க, உக்காருங்க' என்கிறேன். என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடிக்கிறார், தேவைக்கு மேலேயே இறுக்குகிறார். கண்ணில் டார்ச் அடிக்கிறார். சரியாக அந்த நேரத்துக்குக் குட்டியின் போன் வரும்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் குட்டி. ஒண்ணும் குறையில்ல."

"சரி" என்கிறாள். "போனை அவர்கிட்ட குடுங்க."