ஏழாம் கேள்விக்கு எத்தனை புள்ளி

தாதியர் பயிற்சியின் கடைசி வருடத்தில் குணலட்சுமிக்கு வாய்த்த வேலை, பரிவை அளப்பது. ஆசிரியை தந்த படிவத்தில் இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நோயாளி பூச்சியத்திலிருந்து ஐந்து வரை புள்ளி சொல்ல வேண்டும். 1989 கார்த்திகை மழையில் ஒரு காலை, இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாகப் படுத்திருந்த ஸபூராவின் கட்டிலருகே போய் இருந்தாள். கேட்க வேண்டியது அந்த ஆஸ்பத்திரி வாட்டின் மூத்த தாதி ஞானாம்பிகையைப் பற்றி.

ஞானாம்பிகை சிரிக்கவும் மாட்டாள், அதிகம் கதைக்கவும் மாட்டாள். முதல் ஆறு கேள்விகளுக்கும் ஸபூரா ஒன்று, இரண்டு என்று இறுக்கித்தான் சொன்னாள்.

“அவ உங்கடை கையைப் பிடிச்சு ஆறுதல் சொன்னவவோ?”

ஸபூரா கொஞ்சம் யோசித்தாள். “கை பிடிச்சதுதான், மிஸ்ஸி. ஆனா பிடிச்சது நான்.”

போன மாதம் ஞானாம்பிகையின் தாய் அச்சுவேலியில் காலமான செய்தி வாட்டுக்கு வந்ததாம். ஊரடங்கு, போக வழியில்லை. ஸபூராவின் படுக்கைப் புண்ணைக் கழுவத் தொடங்கியவளுக்குப் பாதியில் கை ஓடவில்லை. நின்றபடியே அழுதாளாம்.

“அப்ப நான் என்ன போட?”

“அஞ்சு போடுங்கோ.”

“அவ உங்களுக்கு ஆறுதல் சொல்லேல்லையே.”

“கையை இழுக்கேல்லையே. பிறகு மிச்சப் புண்ணையும் கழுவிப்போட்டுத்தான் போனவ.”

குணலட்சுமி புள்ளி போடாமலே எழுந்தாள். ஊசிகளை அவித்துக்கொண்டிருந்த ஞானாம்பிகையிடம் போய்ச் சொன்னாள்.

“சைபர் போடு. வேலை நேரத்திலை நான் அழுதது பிழை.”

“அந்தம்மா அஞ்சு எண்டெல்லே சொல்லுறா, அக்கா.”

“அவவுக்கு என்ன தெரியும்?” என்றவள் அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். அது கோபமா என்று குணலட்சுமியால் நிதானிக்க முடியவில்லை.

ஆசிரியையும் கைவிட்டார். “நோயாளி சொன்னதுதான் விடை. ஆனா கேள்வி தாதி செய்ததைப் பற்றியது. வெறுமையா விடவும் ஏலாது. நீர்தான் பார்த்துப் போடும்.”

ஐந்து போட்டாள். போட்ட பிறகும் மனம் ஆறவில்லை.

இரண்டு நாள் கழித்து ஸபூராவை நடக்கப் பழக்கினார்கள். நோவில் முனகியவளை, “கத்தாதேங்கோ, காலை ஊண்டி வையுங்கோ” என்று ஞானாம்பிகை அதட்டினாள். ஸபூரா அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி அடுத்த அடி வைத்தாள்.

கனிவாகக் கதைத்தாரா என்ற பதினோராம் கேள்விக்கு ஸபூரா அன்று சொல்லியிருந்தது ஒரே ஒரு புள்ளி. அதையும் போய்த் திரும்பக் கேட்பதா, விடுவதா என்று தெரியாமல் குணலட்சுமி படிவத்தோடு வாட்டு நடுவில் நின்றாள்.