சுற்றாத ஃபேன்

ரிச்சி தெருவில் ஒரு கடையின் கண்ணாடி மேஜை மேல் கிடந்த இரும்பு டப்பாவில் நான் காதை வைத்தபோது பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வாங்க வந்தது கலர் கலராக விளக்கெரியும் மவுஸ். அந்தத் தெருவில் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் இந்த டப்பாவுக்கு எஸ்.எம்.பி.எஸ் என்று பெயர், பவர் சப்ளைதான். அதை வாங்கும் யாரும் அது எவ்வளவு சத்தம் போடும் என்று கேட்பதில்லை. எத்தனை வாட்ஸ் என்று கேட்பார்கள், பிறகு தள்ளுபடி கேட்பார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய விஞ்ஞானம்.

கடைக்கார பாலு அண்ணன் வாசலில் டிவிஎஸ் மொபெட்டில் சரக்கு கொண்டுவந்து நின்றவனோடு பேசிக்கொண்டே பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தார். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் இல்லாமலேயே டப்பா உயிர்பெறும். எதுவும் கேட்கவில்லை. ஃபேன் இறக்கைகள் அசையவில்லை.

"இன்னா தம்பி, ஸ்டெத்து எடுத்தாரவா?" என்றார்.

என்னோடு வந்திருந்த ஸ்ரீஹரி குனிந்து பார்த்தான். "செத்துப்போச்சு மச்சி. பாடிய எடுத்துரலாம்."

ஸ்ரீஹரி மந்தைவெளிக்காரன், கல்லூரியிலிருந்து நண்பன். அவன் கம்ப்யூட்டரில் எண்ணூற்று ஐம்பது வாட்ஸ் சப்ளை இருக்கிறது. அதை வைத்து அவன் மெயில் பார்க்கிறான். வாட்ஸ் ஏற ஏற நல்லது என்று அவனுக்கு எவனோ சொல்லியிருக்கிறான், அவனும் வருகிறவர்களுக்கெல்லாம் அதையே சொல்கிறான். இட்லிக்கு மாவாட்ட ரைஸ் மில்லை விலைக்கு வாங்கும் புத்தி. என் வீட்டில் ஓயாமல் ஓடும் சர்வர் தின்பது ஒரு சீலிங் ஃபேன் தின்னும் கரண்ட். அதற்கு வேண்டியது பெரிய டப்பா இல்லை. சூடு ஏறாதவரை தன் ஃபேனைச் சுற்றவே சுற்றாத டப்பா. இதை இரண்டு வாரம் படித்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். எந்த மாடல் எத்தனை வாட்ஸில் ஃபேனைத் தொடங்கும், தொடங்கினால் எவ்வளவு இரையும் என்று தனியறையில் மைக் வைத்து அளந்து எங்கோ குளிர்தேசத்தில் எவனோ போட்ட வரைபடங்கள் எனக்கு மனப்பாடம். அவற்றுக்குக் கீழே கருத்து எழுதும் கும்பலைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை. "எனக்கு ஒண்ணும் கேக்கலயே ப்ரோ" என்று எழுதுவார்கள். கேட்காதுதான். ஜன்னலைத் திறந்து வைத்து, டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ரயிலே கேட்காது.

பழைய சப்ளையை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன். பாலு அண்ணன் அதைப் பார்க்காமலே கால் பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டார்.

இவ்வளவும் என் அக்கா இஃப்ராவுக்காக. அவளுக்கு நல்ல குரல். புத்தகங்களை ஒலியாக வெளியிடும் ஒரு கம்பெனியின் குரல் தேர்வில் கலந்துகொண்டிருந்தாள். ஒரு முழு அத்தியாயத்தை வீட்டிலேயே பதிவு செய்து அனுப்ப வேண்டும். மூன்று முறை அனுப்பலாம், அதோடு சரி. முதல் முறை, 'குரல் நன்று, பின்னணியில் இயந்திர ஓசை' என்று திரும்பி வந்தது. இயந்திரம் எங்களுடையது அல்ல. ராயப்பேட்டையில் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு நேர் கீழே இட்லி மாவுக் கடை. காலை முதல் சாயங்காலம் வரை கிரைண்டர். இரவில் அது ஓய்ந்தால் மேல்மாடிக்காரரின் ஏசி எங்கள் ஜன்னலுக்கு மேல் உறுமத் தொடங்கும். அப்போதுதான் இஃப்ரா ஒன்றைக் கண்டுபிடித்தாள். மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காக ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணிவரை கரண்டை நிறுத்துவார்கள். ஊரே அதைத் திட்டும். அவள் அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். ஷட் டவுன் அன்று கிரைண்டர் இல்லை, ஏசி இல்லை, எதிர்வீட்டு மோட்டார் இல்லை, இரண்டு வீடு தள்ளி இருக்கும் வெல்டிங் பட்டறை இல்லை. பீரோவின் இரண்டு கதவுகளையும் விரித்து, மேலே ரஜாயை, பஞ்சடைத்த கனத்த போர்வையை, போட்டு, நடுவில் உட்கார்ந்து அவள் இரண்டாவது பதிவை முடித்தாள்.

அதுவும் திரும்பி வந்தது. ஊரே அடங்கிய அந்த அமைதியில், எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு பொருளின் இரைச்சல் மட்டும் தெளிவாகப் பதிவாகியிருந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த என் சர்வர். டிஸ்க்குகளை நான் ஏற்கெனவே ரப்பர் பட்டையில் தொங்கவிட்டிருந்தேன். புராசஸருக்கு ஃபேன் கிடையாது. மிச்சமிருந்தது பழைய சப்ளையின் ஃபேன் ஒன்றுதான்.

இஃப்ரா ஹெட்ஃபோனைக் கழற்றி என் மடியில் போட்டாள். "உன் டப்பாவ நிறுத்து. இல்ல, வாய மூட வை."

நிறுத்த முடியாததற்குக் காரணம் என் மாமா. அம்மாவின் தம்பி, இனாயத் மாமா. தி.நகரில் லேஸ், லைனிங், பட்டன் கடை. பில் போடும் சாஃப்ட்வேருக்கு மாதாமாதம் பணம் கட்டுவது ஹராம் என்பதுபோலப் பேசுவார். என் சர்வரிலேயே அதை ஓட்டித் தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அன்றிலிருந்து கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் இங்கே இது ஓட வேண்டும். மாமா வருகிற வியாபாரிகளிடம், "நம்ம மருமவன் போட்டது, அமெரிக்காகாரன் சாஃப்ட்வேர்லாம் நாஸ்தி" என்பார். சர்வர் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வகை ரவுட்டர் என்பார்.

இஃப்ராவின் வாசிப்பைப் பற்றி அவருக்கு இருந்த கருத்து இன்னும் சுருக்கமானது. கதை படித்தால் எவன் காசு தருவான், வந்து கடை கவுண்டரில் உட்காரட்டும், பொம்பளைங்க வாங்குற கடைக்குப் பொம்பளைப் பிள்ளை இருந்தால் நல்லது. மூன்றாவதும் திரும்பி வந்தால் போகிறேன் என்று அக்கா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

ரிச்சி தெருவிலிருந்து வந்த வியாழக்கிழமையே புதிய சப்ளையை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஓடுகிறதா என்று கேட்டாள். அது எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு. கீழே கிரைண்டர் ஓயும் ஒரு இடைவெளியில் இஃப்ரா மைக்கை சர்வரின் முதுகுக்கே கொண்டுபோய் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாள். வழக்கமாக ஏதாவது நக்கல் அடிப்பவள், தலையை மட்டும் அசைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்ரீஹரிக்கு போன் போட்டு அவன் எண்ணூற்று ஐம்பது வாட்ஸை வைத்துத் துணி இஸ்திரி போடச் சொன்னேன்.

சனிக்கிழமை ஷட் டவுன். அன்று சாயங்காலத்துக்குள் பதிவு போய்ச் சேர வேண்டும். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. கிரைண்டர் கடைசியாக ஒரு சுற்று இழுத்து நின்றது. பட்டறை நின்றது. தெரு முழுவதும் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. மாடிப்படியின் கீழிருந்த இன்வெர்ட்டர் 'டிக்' என்று மாறிக்கொண்டது.

கதவுக்குப் பின்னால் ஒரு வண்டு கத்தத் தொடங்கியது.

தகர டப்பாவுக்குள் அடைபட்ட பெரிய கருவண்டு. பழைய ஃபேனாவது காற்றுபோல இரைந்தது. இது பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே சுருதியில் ரீங்கரித்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபேன் சுற்றவில்லை. வரைபடத்தில் சொன்னபடியே அசையாமல் இருந்தது. சத்தம் டப்பாவின் வயிற்றிலிருந்து வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கேவலம். எங்கள் இன்வெர்ட்டர் எங்களைப் பெற்ற அத்தா துபாய் வேலைக்குப் போவதற்கு முன்பு வாங்கி வைத்தது. அது கொடுப்பது ஈபி கரண்ட் மாதிரி வழுவழுப்பான கரண்ட் அல்ல, கத்தியால் நறுக்கிய மாதிரி படிப்படியான கரண்ட். கரண்ட் போனால் சீலிங் ஃபேன் ஒருமாதிரி முனகும். பிறந்ததிலிருந்து அந்த முனகலுக்குக் கீழேதான் படுத்துத் தூங்குகிறேன். பழைய மட்டமான சப்ளை எதைப் போட்டாலும் தின்றது. இந்த உயர்ந்த ஜாதி சப்ளை, வரும் கரண்ட்டைத் திருத்தி ஒழுங்குபடுத்தித்தான் எடுத்துக்கொள்ளும். நறுக்கிய கரண்டோடு அது மல்லுக்கட்டிக் கத்துகிறது. குளிர்தேசத்துக்காரன் தன் தனியறையில் இதை அளக்கவே இல்லை. அவன் வீட்டில் இன்வெர்ட்டர் என்று ஒன்று கிடையாது. அவனை நம்பி, ஷட் டவுன் நாளுக்காகவே வாங்கிய ஒரு பொருளை, கரண்ட் இருந்த ஒரு வியாழக்கிழமை சோதித்துப் பார்த்துக் கொண்டாடிய கழுதை நான்.

இஃப்ரா ரஜாயை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நெற்றி அதற்குள் வேர்த்திருந்தது. நான் விளக்கத் தொடங்கினேன். படிப்படியான கரண்ட் என்ற இடத்தில் அவள் கையைத் தூக்கினாள்.

"நிறுத்த முடியுமா, முடியாதா?"

மாமாவுக்கு போன் செய்தேன். ஸ்பீக்கரில் கடை முழுவதும் கேட்டது. மீட்டர் என்ன விலை என்று ஒரு பெண், ஸ்கூட்டர் ஹாரன், ஷட்டர். ஒரு மணி நேரம் சர்வரை நிறுத்த வேண்டும், அதுவரை பில்லைக் கையால் எழுதிக்கொள்ள முடியுமா என்றேன்.

"இன்னாடா பேசுற? சனிக்கிழமைடா. கல்யாணக் கூட்டம் வாசல் வரைக்கும் நின்னுகினு கீது. விலையெல்லாம் அதுக்குள்ளதான கீது, எனக்கு இன்னா தெரியும்?"

அக்காவுக்குக் கடைசி வாய்ப்பு என்று சொன்னேன்.

"கதைதான? எங்க ஓடிப்போவுது. நாளைக்குப் படிக்கச் சொல்லு. இல்லாங்காட்டி இங்க வந்து உக்காரச் சொல்லு, ஏசி கீது." யாரிடமோ, அந்த ரோஸ் லேஸைக் காட்டு என்றார். பிறகு என்னிடம், "நிறுத்துன, அப்புறம் உங்க வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார்.

மாமா இந்த மிரட்டலை வருடத்துக்கு நான்கு முறை விடுவார், மறுநாள் பிரியாணிக்கு வந்துவிடுவார். ஆனாலும் அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அத்தா அனுப்பும் பணம் தாமதமாகும் மாதங்களில் இந்த வீட்டைத் தாங்குவது யார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

இஃப்ரா போனை வாங்கி அணைத்தாள். "விடுடா. திங்கக்கிழமலேந்து நான் கடைக்குப் போறேன். நீ உன் டப்பாவ நல்லா பாத்துக்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பஸ் டிக்கெட் வாங்குவதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு மைக்கின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள், முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில், ஒழுங்காக.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். எத்தனை அவசரமானாலும் சர்வரை யாரும் அப்படியே பிடுங்கக் கூடாது. முறைப்படி நிறுத்தும் கட்டளையை அடித்தேன். தி.நகரில் ஒரு திரை உறைந்திருக்கும். ரோஸ் லேஸ் பில் பாதியில் நின்றிருக்கும். டிஸ்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சை இறக்கின. வண்டு இன்னும் மெல்லியதாக முனகிக்கொண்டிருந்தது. சர்வரின் முதுகில் கைவிட்டு சிறிய சுவிட்சை மேலே தள்ளினேன்.

அப்படி ஒரு அமைதியை அந்த வீட்டில் நான் கேட்டதில்லை. அம்மாவின் வளையல் கேட்டது. அம்மா வளையலைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்தாள்.

போன் அதிரத் தொடங்கியது. மாமா. மெத்தையில் கவிழ்த்தேன், மெத்தை உறுமியது. எடுத்துக்கொண்டு போய் அரிசி டிரம்மில் புதைத்து மூடினேன். இஃப்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் சுற்றியிருந்த ஒயர் வளையங்களை ஒவ்வொன்றாக உதிர்த்தாள்.

முதலில் அறையின் அமைதியை மட்டும் கொஞ்ச நேரம் பதிய வேண்டும், அது கம்பெனியின் விதி. மூவரும் மூச்சைப் பிடித்தோம். சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்ட மே மாதத்தில் என் கழுத்திலிருந்து வேர்வை முதுகெலும்பு வழியாக இறங்கியது. துடைக்கவில்லை. பிறகு அவள் வாசிக்கத் தொடங்கினாள். ஏதோ ஒரு மலையூரில் பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றிய அத்தியாயம். தினமும் என்னைத் திட்டும் அதே குரல்தான். ஆனால் யாருக்கோ பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுக்கு மட்டும் சொல்வதுபோல இருந்தது.

பாதியைத் தாண்டியிருப்பாள். கீழே ஒரு ஸ்கூட்டர் நின்றது. எனக்குத் தெரிந்த ஸ்கூட்டர். கடையில் அத்தனை கூட்டத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார், மனுஷன். படியில் செருப்பு ஏறியது. நான் வெறுங்காலில் நடந்து போய் வாசல் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். எழுந்திரு என்று சொல்லவில்லை.

அழைப்பு மணியின் பொத்தான் வெளியே 'க்ளிக்' என்று அழுந்தியது. மணிக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கிடையாது, அடிக்கவில்லை. மறுபடி அழுந்தியது. பிறகு ஒன்றும் இல்லை. அக்காவின் குரல் கதவுக்கு வெளியேயும் கேட்டிருக்கும். பிறகு மரத்தின் வழியே, என் தோள்பட்டைக்கு நேராக, ஒரு உள்ளங்கை கதவில் ஊன்றுவது தெரிந்தது. தட்டவில்லை. ஊன்றியபடியே இருந்தது. உள்ளே ரஜாயின் அடியில் இஃப்ராவின் விரல் திரையில் அடுத்த பக்கத்தைத் தள்ளியது.