நல்ல தண்ணிக் கிணறு

என் புருசனுக்குக் கால் வீங்கினதற்குக் காரணம் நான்தான் என்று ஊரே கதைத்தது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் பாதம் வீங்கியது, செருப்பு ஏறவில்லை. பிறகு கணுக்கால், பிறகு முழங்கால் வரைக்கும். விரலால் அமத்திவிட்டு எடுத்தால் குழைத்த மாவில் போலக் குழி விழுந்து அப்படியே நிற்கும். படுத்தால் மூச்சு முட்டும் என்று சாய்மனைக் கதிரையிலேயே நித்திரை. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனோம். எண்பத்தாறாம் ஆண்டு அது. எங்கள் நெடுந்தீவிலிருந்து போகிற லோஞ்ச் படகு ஓடுவதும் நிற்பதும் நேவிக்காரன் நினைத்தபடி. இருதயம் பலவீனம், உடம்பில் நீர் தேங்குகிறது, உப்பைக் கண்ணிலும் காட்டக்கூடாது என்று சொல்லி, நீர் போகிற குளிசையும் தந்து டொக்டர் அனுப்பிவிட்டார்.

வந்த உடனே உப்புச் சாடியைத் தூக்கி எறிந்தேன். கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய் எல்லாம் பக்கத்து வீட்டு அல்போன்சம்மாவிடம் போனது. உப்பில்லாத கஞ்சியை நானும் அவரோடு இருந்து விழுங்கினேன். ஆனாலும் கால் வீங்கியது. பார்க்க வந்தவர்கள் என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, “மனோகரி புருசனுக்கு வாய்க்கு ருசியாச் சமைக்கிறாள் போல” என்று என் காதுபடச் சொன்னார்கள். இரண்டாம் முறை போனபோது டொக்டரும் ஏசினார்.

“அம்மா, பொய் சொல்லாதையுங்கோ. நீங்கள் உப்புக் குடுக்கிறியள்.”

நான் வாயைத் திறந்திருந்தால் அந்த வார்ட்டே அதிர்ந்திருக்கும்.

அந்தமுறை ஆளை வார்ட்டில் மறித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த என் தங்கை வீட்டில் அதே உப்பில்லாக் கஞ்சியைக் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே குளிசைதான். வீக்கம் வற்றிக் கணுக்கால் எலும்பு தெரிந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாள் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு இவர் முகத்தைச் சுளித்தார்.

“என்னப்பா இது, சப்பெண்டு கிடக்கு. எங்கடை வீட்டுத் தேத்தண்ணி மாதிரி இல்லை.”

எங்கள் வீட்டுத் தேத்தண்ணி வளவுக் கிணற்றின் உவர்ப்பான சவர்த் தண்ணியில் போட்டது. கஞ்சியும் அதில்தான், குடிப்பதும் அதுதான். உப்பு என்றால் எங்களுக்குச் சாடியில் இருப்பது. கிணற்றில் இருப்பது சவர், அதை உப்பென்று ஆர் நினைத்தது? டொக்டரிடம் சொன்னேன். என்னை ஏசினதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. “அந்தத் தண்ணியை விடுங்கோ. விடாட்டி ஆள் தப்பாது” என்றார்.

நல்ல தண்ணி எங்களுக்கு இல்லாமல் இல்லை. மாமனார் வெட்டின கிணறு இவருடைய தமையன், என் பெரியத்தான் வல்லிபுரத்தின் வளவில் இருக்கிறது. அதில் எங்களுக்கும் பாதிப் பங்கு. பெரியத்தான் எல்லைக் கல்வேலியை எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளிக் கட்டப்போய், அண்ணனும் தம்பியும் மண்வெட்டி ஓங்கும் அளவுக்கு வந்தது. அன்றைக்கே இவர் பிள்ளையார் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினார். “அந்தக் கிணத்துத் தண்ணி இனி என்ரை வாயிலை படாது.” அதற்குப் பிறகு எங்கள் வளவுச் சவர்த் தண்ணிதான். முதலில் குமட்டியது, பிறகு நாக்குப் பழகிவிட்டது. ஒரு முழம் நிலம்! ஒரு மாடு கூட அதில் நீட்டிப் படுக்க முடியாது.

ஊருக்கு வந்ததும் கால் பழையபடி வீங்கத் தொடங்கியது. சத்தியத்தை விடச் சொல்லிக் கெஞ்சினேன், ஏசினேன், அழுதேன். அசையவில்லை. ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தாலும் ருசியில் பிடித்துவிடுவார். அடுத்த நல்ல தண்ணிக் கிணறோ தீவின் மற்றப் பக்கம். வாளியைத் தூக்கிக்கொண்டு பெரியத்தான் வளவுக்குப் போனேன். அவர் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன?” என்றார்.

“தண்ணி அள்ள வந்தனான்.”

“அவனெல்லோ சத்தியம் பண்ணினவன். அவன் வந்து கேக்கட்டும்.”

“அவருக்கு எழும்பி நடக்க ஏலாது.”

“அப்ப சொல்லி அனுப்பட்டும்.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“பெரியத்தான், உங்கடை தம்பி செத்தால் வருவியளோ?”

“அதென்ன கதை? கோபம் எண்டாலும் செத்தவீட்டுக்கு வராமல் இருப்பமே?”

“குளிப்பாட்ட எந்தக் கிணத்திலை அள்ளுவியள்?”

அந்தக் குடும்பத்தில் ஆர் செத்தாலும் பிரேதத்தைக் குளிப்பாட்டுவது அந்தக் கிணற்றுத் தண்ணியில்தான். மாமனாருக்கும் மாமிக்கும் என் புருசன்தான் அள்ளினவர்.

“சவத்துக்கு வாளி வாளியாத் தருவியள். மாட்டுக்கும் தாறியள். உயிரோடை கிடக்கிறவனுக்கு ஒரு செம்பு தர உங்கடை ரோசம் விடேல்லை. அந்தக் குளிப்பாட்டுற தண்ணியை இண்டைக்கே தாங்கோ. நான் கொண்டுபோறன்.”

“வாயைக் கழுவும்” என்றார். ஆனால் கயிற்றை விட்டு விலகி நின்றார். நானே அள்ளினேன்.

வீட்டில் இவர் வாளியைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

“எங்கையிருந்து?”

“உங்கடை அப்பு வெட்டின கிணறு.”

“நான் குடிக்கமாட்டன். சத்தியம் சத்தியம்தான்.”

“உங்களை ஆர் குடிக்கச் சொன்னது? குளிப்பாட்டத்தான் கொண்டுவந்தனான்.”

ஒரு செம்பு தண்ணியை மட்டும் அள்ளி வைத்துக்கொண்டு மிச்சத்தை வாளியோடு தூக்கி அவர் தலையில் ஊற்றினேன். உடுத்திருந்த சாரம், கதிரை, நிலம் எல்லாம் நனைந்தது. “உமக்கென்ன விசரே?” என்று கத்தினார்.

“விசர்தான்! பிரேதத்தைக் குளிப்பாட்டியாச்சு. அண்ணனும் தம்பியும் இதுக்குத்தானே காத்துக்கொண்டிருந்தனீங்கள்? செத்தவனுக்குச் சத்தியம் இல்லை. இனிக் குடியுங்கோ.”

செம்பை நீட்டினேன். அவர் என்னையே பார்த்தார். தலைமயிரிலிருந்து தண்ணி வழிந்துகொண்டிருந்தது.

“பிள்ளையார் கேட்டால்?” என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

“என்னட்டை அனுப்புங்கோ” என்றேன்.

இரண்டு கையாலும் செம்பை வாங்கினார்.