எட்டாவது கையெழுத்து

கோவாவில், எங்கள் ஆற்றங்கரைத் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனவர்களிலேயே இளையவன் அனிசெத் ரெபெலோ. முப்பத்தொரு வயது. சின்னக் கட்சி ஒன்றின் ஒரே எம்.எல்.ஏ.வாக ஜெயித்தவன், பாலம் வாங்கித் தருகிறேன் என்று பதினான்காம் மாதம் ஆளுங்கட்சிக்குத் தாவினான். பாலம் வரவில்லை. மாதா கோயில் வாசலில் அவனைச் சூழ்ந்து நின்றவர்கள், இப்போது பூசை முடிந்ததும் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

போன மழைக்காலத்தில் ஆட்சி ஆட்டம் கண்டது. எதிர்க்கட்சி அவனுக்கு மந்திரி பதவி தருவதாகச் சொன்னது. கூட்டணி ஆட்சியை நடத்திய ஆளுங்கட்சியின் பன்னிரண்டு எம்.எல்.ஏ.க்களில் எட்டுப் பேர் சேர்ந்து தாவினால்தான், கட்சித் தாவல் சட்டப்படி எம்.எல்.ஏ. பதவி பறிபோகாது. எட்டாவது ஆள் அனிசெத். எட்டுப் பேரையும் கடற்கரை ஓட்டல் ஒன்றில் தங்கவைத்து, செல்போன்களைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

சமையல்காரரின் போனை இரவல் வாங்கி மனைவி ஜூடித்தை அழைத்தான்.

"ஜூடி, மந்திரி ஆகப்போறேன்."

"சந்தோஷம். எந்தக் கட்சியில?"

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்லப்பா. உங்கப்பா எந்தக் கட்சின்னு டீச்சர் நம்ம பொண்ணக் கேட்டிருக்காங்க. 'வீட்ல கேட்டுட்டு வரேன் மிஸ்'னு சொல்லியிருக்கு. கிளாஸே சிரிச்சிருக்கு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

போனைச் சமையல்காரரிடம் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் காலை, கட்சி மாறுவதாக எழுதிய கடிதம் கையெழுத்துக்கு வந்தது. ஏழு கையெழுத்துகள் இருந்தன. அனிசெத் வேறொரு தாள் கேட்டு வாங்கி, தன் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்து எழுதினான். மூத்தவர் விஷ்ராம் காமத் அவன் சட்டையைப் பிடித்தார்.

"நீ போடலேன்னா எங்க ஏழு பேர் கதி என்னடா?"

"நீங்களும் கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. நான் கிளம்பறேன்."

ஆட்சி பிழைத்தது. ஆளுங்கட்சிக்காரர்கள் மாலையோடு வந்து, இடைத்தேர்தலில் தங்கள் பக்கமே நிற்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டு, சுயேச்சையாக நின்றான். "உங்களக் கேக்காம போனது தப்புதான்" என்று வீடுவீடாகச் சொன்னான்.

மீன்காரி கித்தேரியா முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "என் ஓட்டு உனக்கு இல்ல. ஆனா உள்ள வா, வெயில்ல நிக்காத."

முந்நூற்று நாற்பது ஓட்டில் தோற்றான்.

ஓட்டு எண்ணி முடிந்ததும், ஆற்றைக் கடக்கப் படகுத்துறைக்கு வந்தான். எம்.எல்.ஏ.வாக இருந்தவரை வரிசையில் நிற்காமல் படகில் ஏறியவன். "இனிமே வரிசையில வாடா மவனே!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தபடியே என் பின்னால் வந்து நின்றான்.

மதியம் வீட்டில் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன், சாயங்காலம் நாலரை மணி வரை எழுந்திருக்கவில்லையாம். "ரெண்டு வருஷமா பகல்ல கண்ணே மூடாத மனுஷன். குறட்டை தாங்கல போங்க!" என்று ஜூடித் என் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.