துவக்குக்குப் பூட்டும் விளக்கு

கடைக்கு முன்னால் இடம் காலியாகக் கிடந்தும் ஆனந்தராஜா காரைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். இளங்கீரனுக்கு அதுவே பிடிக்கவில்லை. காவல்காரர்களுக்கு டோர்ச் வாங்கப் போகிறோம் என்றுதான் கூட்டி வந்தார். கதவில் ஒட்டியிருந்ததோ துப்பாக்கிப் படம்.

“அண்ணை, இது துவக்குக் கடை.”

“ஓம். நல்ல டோர்ச் இங்கைதான் இருக்கு. இறங்கும்.”

“ஹார்ட்வெயார் கடையிலை இல்லாத டோர்ச்சே?”

“ஐசே, பொம்பிளை பாக்கவே வந்தனீர், இப்பிடிக் கூச்சப்பட? இறங்கும்.”

ஆனந்தராஜா கொழும்பில் படித்து வளர்ந்தவர். நார்த்மீட்டில் இரண்டு மாடி வீடு. ஒரு சின்னக் காவல் கம்பனியை நடத்தினார். இளங்கீரன் வன்னி. இந்த நாட்டுக்குப் படகில் வந்தவன். முதுகு விடும்வரை கொங்கிரீட் வேலை செய்துவிட்டு, இப்போது அவருடைய கம்பனியில் பென்டில் ஹில் பக்கம் ஒரு களஞ்சியத்துக்குக் காவல் நிற்கிறான். விசாவுக்காகக் காத்திருந்த வருடங்களில் எத்தனையோ அதிகாரிகள் அவனிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இயக்கத்தில் பயிற்சி எடுத்தாயா, ஆயுதம் தூக்கினாயா? இல்லை என்றான். அதுதான் உண்மை. உண்மையைச் சொன்னவனை அடுத்த முறையும் கூப்பிட்டு அதையே கேட்டார்கள். ஒருவழியாக நிரந்தர விசா வந்தது. இப்போது குடியுரிமைக்குப் போட்ட விண்ணப்பம் உள்ளே கிடக்கிறது. அது கையில் கிடைத்த பிறகுதான் வவுனியாவில் இருக்கும் மனைவி ரஞ்சினியைத் துணிந்து கூப்பிடலாம் என்று இருக்கிறான். இந்த நேரத்தில் துவக்குக் கடை வாசலில் அவனுக்கு என்ன வேலை?

உள்ளே நுழைந்ததும் மேலே பார்த்தான். கமெரா இருந்தது. தொப்பியைக் கீழே இழுத்துவிட்டான். இழுத்த பிறகுதான், அப்படி இழுப்பவனைத்தான் கமெரா பார்ப்பவன் கவனிப்பான் என்று பட்டது.

கடைக்காரன் தாடி வைத்த வெள்ளைக்காரன். கண்ணாடிப் பெட்டிக்குமேல் டோர்ச்சுகளை வரிசையாக வைத்தான். ஆனந்தராஜா களஞ்சிய வேலைக்கு ஆறு கை டோர்ச்சும், காசு ஏற்றும் வானில் காவலுக்குப் போகப்போகிற இரண்டு பேரின் பிஸ்டலுக்குப் பூட்ட இரண்டு விளக்கும் கேட்டார். காசு வானா? இளங்கீரன் அதை அப்போதுதான் கேள்விப்பட்டான்.

லூமன்ஸ், அதாவது வெளிச்சம், கூடினதைத் தூக்காதீர்கள் என்றான் கடைக்காரன். நான்கு சுவருக்குள் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து பிடிப்பவனின் கண்ணைத்தான் குருடாக்கும். முற்றத்துக்குத் தூரம் பாயும் ஒளி, உள்ளுக்குப் பரவும் ஒளி. கையுறையோடு அமுக்கக்கூடிய சுவிட்ச். அமுக்கினால் முதலில் நேராக எரிய வேண்டும், மினுக்மினுக்கென்று வெட்டக் கூடாது. துவக்குக்குப் பூட்டியது இருக்கிறதே என்று கை டோர்ச்சை விட்டுவிட்டுப் போகக் கூடாது. போனால் கதவுப் பூட்டின் திறப்புத் துவாரத்தைப் பார்ப்பதற்கும் துவக்கைத்தான் நீட்ட வேண்டிவரும். எதிரே நிற்பது துப்புரவுக்கு வந்த பெண்ணாக இருந்தாலும் அவளுடைய நெஞ்சுக்கு நேராகத்தான்.

“கேட்டீரே?” என்று ஆனந்தராஜா இளங்கீரனின் தோளைத் தட்டினார். “எது நல்லது? நீர் சொல்லும்.”

“எனக்கென்ன தெரியும் அண்ணை?”

“உமக்குத் தெரியாதே!” என்று கண்ணைச் சிமிட்டினார்.

அந்தச் சிமிட்டலில் இளங்கீரனுக்கு அதிகாரிகளின் அதே கேள்வி கேட்டது. ஆரோ இவரைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆரது? எதற்காக?

கடைக்காரன் நீல நிறப் பிளாஸ்டிக் பிஸ்டல் ஒன்றை எடுத்து, குழலுக்குக் கீழே விளக்கைப் பூட்டி இளங்கீரனிடம் நீட்டினான். இளங்கீரன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

“பிடியும் ஐசே. விளையாட்டுச் சாமான்.”

“நீங்கள் பிடியுங்கோ அண்ணை.”

“பிளாஸ்டிக்குக்கும் பயமே?”

“கமெராவுக்கு அது பிளாஸ்டிக் எண்டு தெரியுமே?”

ஆனந்தராஜா சிரித்தார். கடைக்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவனும் சிரித்தான். சரி, கை டோர்ச்சையாவது இருட்டில் பார்க்கட்டும் என்று பின்னாலிருந்த ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குக் கூட்டிப்போய், கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு அறை விளக்கை அணைத்தான்.

இளங்கீரன் யோசிக்கவில்லை. இருட்டு விழுந்ததும் இடது கை தானாகப் போய் டோர்ச்சின் கண்ணாடியைப் பொத்தியது. பிறகுதான் சுவிட்சை அமுக்கினான். விரல்கள் சிவப்பாக எரிந்தன; இடுக்கால் கொஞ்ச வெளிச்சம் மட்டும் தரையில் விழுந்தது. வன்னியில் குண்டு போடும் பிளேன் சுற்றும் நாட்களில் எல்லோரும் டோர்ச்சை அப்படித்தான் பிடித்தார்கள். கக்கூசுக்குப் போகிற கிழவியும் அப்படித்தான். ஆனால் அது இரண்டு பற்றறி போட்ட மங்கல் டோர்ச். இது வேறு சாமான். உள்ளங்கை சுட்டது. “ஆ!” என்று கையை உதறினான். வெளிச்சம் அறை முழுக்கப் பாய்ந்தது.

“பாத்தீரே!” ஆனந்தராஜா கையைத் தட்டினார். “பழகின கை! நான் அவங்களுக்குச் சொன்னது பிழையில்லை.”

இளங்கீரன் டோர்ச்சை அணைக்கவில்லை. அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தான்.

“ஆருக்கு? என்ன சொன்னனீங்கள்?”

“லைற்றை இறக்கும். கண் போகுது.”

“ஆருக்குச் சொன்னனீங்கள் அண்ணை?”

கடைக்காரன் அவசரமாக அறை விளக்கைப் போட்டான். வெளியே வாரும் கதைப்பம் என்றார் ஆனந்தராஜா. சாமான்களை வாங்கிக்கொண்டு கார் நின்ற இடத்துக்கு வந்ததும், உதவி செய்தவர் மாதிரியே சொன்னார். காசு வான் ஒப்பந்தத்துக்கு மூன்று கம்பனி போட்டி. தன்னிடம் சண்டையில் நின்ற ஆள் ஒருத்தன் இருக்கிறான், துவக்கு லைசன்சுக்கு அனுப்பினால் சும்மா பாஸ் பண்ணுவான் என்று வான்காரரிடம் சொல்லிவிட்டார். பகல் வேலை, கூடின சம்பளம். எல்லாம் இவனுக்காகவும்தான்.

“நான் எந்தச் சண்டையிலை நிண்டனான்?”

“நிக்கேல்லையே? வன்னி எண்டால்…”

“வன்னி எண்டால்? நான் மீன் பெட்டி தூக்கினனான். செல்லடிக்கப் பங்கருக்குள்ளை கிடந்தனான். உங்கடை வாய்க்கு அது காணாதே?”

“சும்மா ஒரு இதுக்குச் சொன்னது ஐசே. வெள்ளைக்காரனுக்கு அது பிடிக்கும்.”

“அந்தக் கதை ஒரு அதிகாரியின்ரை காதிலை விழுந்தால் ரஞ்சினிக்கு நீங்களே பதில் சொல்லுவியள்?”

இளங்கீரன் கையை நீட்டினான். “வான்காரருக்கு எடுங்கோ போனை. ஸ்பீக்கரிலை போடுங்கோ. எனக்கு முன்னாலை உண்மையைச் சொல்லுங்கோ.”

“உமக்கு அந்த வேலை போகும்.”

“போகட்டும்.”

அவர் எடுத்தார். தவறாக விளங்கிக்கொண்டேன், அவன் கட்டட வேலை செய்தவன், ஆயுதம் தொட்டதே இல்லை என்று ஆங்கிலத்தில் இழுத்து இழுத்துச் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒருத்தன் சிரித்தான். அப்படியென்றால் அவனை அனுப்ப வேண்டாம், ஒப்பந்தத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டான்.

“சந்தோசமே?” என்றார் ஆனந்தராஜா.

“இந்தக் கதையை வேறை ஆருக்கும் சொன்னனீங்களோ?”

ஆனந்தராஜா டோர்ச் பெட்டிகளைக் காரின் பின்பக்கம் அடுக்கினார். ஒன்றை எடுத்து மற்றப் பக்கம் வைத்தார். “இல்லை” என்றார். பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.

இளங்கீரன் முன் சீற்றில் ஏறி இருந்தான். அவர் ஏறிக் காரைக் கிளப்பத் திறப்பைப் போட்டதும் அதைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“சொன்ன ஆக்களுக்கெல்லாம் போன் அடியுங்கோ அண்ணை. எனக்கு அவசரமில்லை.”

ஆனந்தராஜா போனைத் திரும்பவும் எடுத்தார்.