ஒட்டாத நிசப்தம்

என் மருமகள் எனக்கு சீனியர். வீட்டில் அவள் என்னை மாமா என்பாள். வகுப்பில் அவளைக் கண்டால் நான் எழுந்து நிற்க வேண்டும். அவள் போட்ட சட்டம் இது. என் மகன் கைதட்டி நிறைவேற்றினான்.

படிப்பு முதுகலை. கதை எழுத வேண்டும், அதை நாமே புத்தகமாக வடிவமைத்து அச்சிட வேண்டும், பிறகு வாசித்து ஒலிப்புத்தகமாகவும் பதிவு செய்ய வேண்டும். ரயில் நிலைய அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதில் என்ன தகுதி என்று நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். "வராத ரயிலை இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்னு ஆயுசு பூரா சொன்னவன் சார் நான். என்னைவிடப் பெரிய கற்பனை எழுத்தாளன் எவன் இருக்கான்?" என்றேன். இடம் கொடுத்துவிட்டார்கள்.

ஒலிப்பதிவு அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அதற்கு நேர் மேலே காகித அறை, புத்தக வடிவமைப்புப் பேராசிரியரின் சாம்ராஜ்யம். காகிதத்தின் கனத்தை ஜிஎஸ்எம் என்று அளப்பார்கள். எவ்வளவு கனமான தாளும் அவருக்குப் போதாது. ஆகவே அவர் பெயரே ஜிஎஸ்எம். அவர் மேற்பார்வையில் அச்சான கவிதைத் தொகுப்பைக் காலில் போட்டுக்கொண்ட ஒருவன் இன்னும் நொண்டுகிறான். எல்லோருடைய புத்தகங்களும் அந்த அறையில் கட்டுக்கட்டாகக் கூரையை முட்டி நின்றன.

முதலாண்டுக்காரனான என் வேலை நிசப்தம் பிடிப்பது. வேடிக்கையில்லை. வாசிப்பவர் உள்ளே போகுமுன் வெற்று அறையின் அமைதியைக் கொஞ்ச நேரம் பதிவு செய்ய வேண்டும். பிறகு இருமலையும் தும்மலையும் வெட்டிய இடங்களில் அதை ஒட்டுப் போடுவார்கள். ஒவ்வோர் அறைக்கும் தனி நிசப்தம் உண்டு. வேறு அறையினுடையதை ஒட்டினால் காது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கொஞ்ச நாளாக என் ஹெட்போனில் அந்த நிசப்தத்துக்கு அடியில் வேறொன்று கேட்டது. ஜிஎஸ்எம்மிடம் ஓடினேன். "சார், மேல ஒரு ராட்சசன் படுத்துக்கிட்டுப் பல்லை நறநறன்னு கடிக்கிறான்."

"போன வாரம் கன்னுக்குட்டி சைஸ்ல எலி பார்த்தேன்னீங்க."

"எலி நிஜம் சார். சைஸ்லதான் கொஞ்சம் தாராளம் காட்டிட்டேன்."

"பெரியவரே, போய்ச் சாப்பிடுங்க. அது உங்க வயித்துச் சத்தம்."

மருமகளுக்கு அன்றுதான் கடைசி நாள். போன வருஷம் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் பதிவை முடிக்க முடியவில்லை. ஒரு வருஷம் நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒலிக்கோப்பு போய்ச் சேராவிட்டால் பட்டம் இல்லை. கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் பாக்கி.

நிசப்தத்தைப் பிடித்துக் கொடுத்தேன். அறைக்கு வெளியே, படிக்கட்டின் கீழ் இருந்த கணினியில் அவள் பழைய அத்தியாயத்தின் ஓர் இருமலை வெட்டி அதை ஒட்டினாள். கேட்டாள். முகம் சுருங்கியது.

"மைக்கை நகர்த்தினீங்களா மாமா?"

"தொடவே இல்லைம்மா."

"அப்புறம் ஏன் ஒட்ட மாட்டேங்குது? போன மாசம் வேற ரூம், இது வேற ரூம் மாதிரி இருக்கு. ஏதோ சின்ன ரூம்ல எடுத்த மாதிரி."

"அதே ரூம்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளே போய் அண்ணாந்தோம். கூரையில் சத்தத்தை உறிஞ்ச ஒட்டியிருந்த கறுப்புப் பஞ்சுப் பலகைகள் நடுவில் தொப்பை போட்டிருந்தன. எம்பினால் என் வழுக்கை இடிக்கும் என்றே தோன்றியது.

"இன்னும் ஒரே பக்கம்தான் மாமா" என்றாள், மெதுவாக.

"பைத்தியமா உனக்கு? வெளியே வா!"

"இத்தனை நாள் நின்னது இன்னும் ரெண்டு நிமிஷம் நிக்காதா? நீங்க மேல போங்க, எதையும் அசைக்க வேணாம்னு அவர்கிட்ட சொல்லுங்க. எனக்கு இன்னொரு வருஷம் தர மாட்டாங்க."

என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பதிவு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியும்போது கதவைத் திறப்பது எங்கள் துறையில் கொலைக்குச் சமம். திறக்கத்தான் கையை வைத்தேன். அப்போது தலைக்கு மேல் தள்ளுவண்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

படிகளில் பறந்தேன். காகித அறை வாசலில் ஜிஎஸ்எம், புதிதாக வந்த கட்டுகளை வண்டியில் மலையாக அடுக்கி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க சார்! கீழ கூரை தொங்குது!"

"எலி ஏறி உட்கார்ந்திருக்கா?" சிரித்தபடி, கண்ணாடியைத் துடைக்க வண்டியிலிருந்து கையை எடுத்தார்.

வண்டி நிற்கவில்லை. யாரும் தள்ளாமலே, வீடு தெரிந்த மாடு மாதிரி, அறையின் நடுவை நோக்கிப் போயிற்று. போகப்போக வேகமெடுத்து, நடுவில் இருந்த கட்டுகளில் முட்டி நின்றது.

ஜிஎஸ்எம்மின் சிரிப்பு அப்படியே உறைந்தது. "தரை சமமாத்தானே இருந்துச்சு?"

"கீழ என் மருமக இருக்கா சார்."

எனக்கு முன்னால் அவர் ஓடினார். சிவப்பு விளக்கை ஏறிட்டும் பார்க்காமல் கதவைத் திறந்தார். அவள் தலை நிமிராமல், பேசாதீர்கள் என்று கையைக் காட்டிவிட்டுத் தொடர்ந்து வாசித்தாள். கையைப் பிடித்து இழுத்து வந்தார். நாற்காலி உருண்டது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"ரெண்டே வரி சார்! ரெண்டே வரிதான் பாக்கி!"

"இங்கேயே வாசிச்சிடும்மா" என்றேன்.

"ஒட்டாது மாமா. அந்த ரூம் வேணும்."

கதவைப் பார்த்தாள். நான் குறுக்கே நின்றேன். கணினியில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஆனாலும் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஏறியது.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பதிவை நிறுத்தி, கடைசி இரண்டு வரி இல்லாத கதையை அப்படியே அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். கோப்பு ஊர்ந்துகொண்டு போனது. கட்டடத்தில் இருப்பவர்களை வெளியேறச் சொல்லிக் கத்தியபடி ஜிஎஸ்எம் படியேறி ஓடினார்.

"நீங்களும் போங்க மாமா."

நான் போகவில்லை. கதவின் அடியிலிருந்து வெள்ளைப் புழுதி வந்து எங்கள் செருப்புகளைத் தொட்டது.

"போயிட்டிருக்கு... போயிட்டிருக்கு..." என்றாள். "போயிடுச்சு மாமா."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, விளக்குகள் எல்லாம் அணைந்தன.